தரையில் செய்யக்கூடிய தொழில்கள்

மார்ச் 4

பாப்பா அம்மாவுக்கு,

நேற்றுத்தான் போனில் பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வகுப்பில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

முன்பே சொன்னேனே, அந்த வகுப்புதான். விடுமுறை நாளில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே உள்ள கூடத்தில் நடக்கிறது. வெளிநாட்டு ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பப் போகிறவர்களுக்குச் சொந்தமாகச் சிறு தொழில் தொடங்கத் திட்டம் போடச் சொல்லித் தருகிறார்கள். நடத்துவது ஒரு டீச்சர். முதல் நாளே ஒரு விதி போட்டுவிட்டார். தொழிலைப் பற்றி வீட்டில் போனில் பேசக்கூடாது. கடிதத்தில்தான் கேட்க வேண்டும், கடிதத்தில்தான் பதில் வர வேண்டும். "போன்ல கேட்டா பதில் வராது, பாசம்தான் வரும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

என் திட்டம் இது. இங்கே செய்யும் வேலையையே அங்கேயும் செய்வது. உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கக் கண்ணாடியைத் துடைப்பது. மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் இறங்கித் துடைக்க நம் ஊரில் ஆள் இல்லை. எனக்கு அந்த வேலை தெரியும். ரேடியோவுக்கும் தெரியும். அவனும் நானும் ஜோடி, ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்துக் கயிறு. மேலே போனதிலிருந்து தரையில் கால் வைக்கும்வரை வாய் மூடமாட்டான், அதனால் அந்தப் பெயர். என் முடிச்சை அவன் பார்ப்பான், அவன் முடிச்சை நான் பார்ப்பேன். தன் முடிச்சைத் தானே பார்த்துக்கொண்டால் கணக்கில்லை என்பது இங்கே வழக்கம். தன் முடிச்சு யாருக்கும் சரியாகத்தான் தெரியும்.

உனக்கு ஒரு வேலை. நம் ஊரில் அப்படிப்பட்ட கட்டடங்களை இப்போது யார் துடைக்கிறார்கள் என்று விசாரி. மச்சானைக் கூட்டிக்கொண்டு போ. உண்மையை எழுது. எனக்குப் பிடிக்கிற பதிலை எழுதாதே. பதிலை வகுப்பு முகவரிக்குப் போடு. நாங்கள் தங்கியிருக்கும் கேம்ப்புக்குப் போட்டால் கைமாறிக் கைமாறிக் காணாமல் போகும்.

ஜூலையில் ஒப்பந்தம் முடிகிறது. வெறுங்கையோடு திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆட்களை நீயும் பார்த்திருக்கிறாய். அந்த ஒரு பயம்தான் எனக்கு.

வேறு பயம் இல்லை.

பாப்பா அப்பா


மார்ச் 17

என்னங்க,

கடிதம் வந்துச்சு. ரெண்டு தடவை படிச்சேன். யாரோ ஆபீசர் எழுதின மாதிரி இருக்கு. "விசாரி"யாம். "விசாரிச்சுப் பாரேன்"னு எழுதினா உங்க டீச்சர் மார்க்கு குறைச்சிடுவாங்களா?

மெடிக்கல்ல அரை நாள் லீவு கேட்டேன். பில் போட வேற ஆள் இல்லைன்னு முதலாளி மூஞ்சியைத் தூக்கினார். "வீட்டுக்காரர் தொழில் ஆரம்பிக்கிறார், அதுக்குக் கட்டடம் பாக்கப் போறேன்"னு சொன்னேன். நான் கட்டடமே வாங்கப்போறேன்னு நினைச்சுக்கிட்டார். அன்னையிலேருந்து "வாங்கம்மா, போங்கம்மா"தான்.

அண்ணனும் நானும் ரோடு ரோடா அலைஞ்சோம். பெரிய ரோட்டுல புதுசா ஒரு ஆஸ்பத்திரி. முன்பக்கம் முழுக்க நீலக் கண்ணாடி. துடைக்க ஆளே இல்ல. வாட்ச்மேன் பழைய பேப்பரை நனைச்சு அவர் கை எட்டுற வரைக்கும் துடைக்கிறார். அதுக்கு மேல புழுதியும் காக்கா எச்சமும்தான். மேனேஜரைப் பாத்தோம்.

"கயிறு கட்டி இறங்குற ஆளா? யாரும்மா அது?"

"என் வீட்டுக்காரர்."

"அவரேவா?"

"அவரேதான்."

சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிர்ந்துச்சு. உண்மையை எழுதச் சொன்னீங்க, அதான் எழுதுறேன்.

இன்னொரு உண்மையும் இருக்கு. போன லீவுல வந்தப்போ மாடி கைப்பிடிச்சுவர் மேல உக்காந்து, காலை வெளிய தொங்கப்போட்டு டீ குடிப்பீங்க. துணி காயப்போட வந்த நான் உங்க சட்டையைப் பிடிச்சுக்குவேன். உங்களுக்கு அது நாற்காலி. இந்தத் தொழில் உங்களுக்குச் சரியா வரும். எனக்குத்தான் வராது. நீங்க அங்க தொங்கும்போது நான் பாக்கல. இங்க தொங்கினா நான் பாக்கணுமே.

"வேறு பயம் இல்லை"ன்னு முடிச்சிருக்கீங்க. யாரும் கேக்கலையே?

பாப்பா அம்மா


ஏப்ரல் 2

பாப்பா அம்மாவுக்கு,

திட்டத்தில் ஒரு மாற்றம். கண்ணாடி துடைப்பது வேண்டாம். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழில். ஏணி வைத்துச் செய்கிற வேலை.

காரணம், கயிறும் பெல்ட்டும் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும், செலவு அதிகம். வேறு காரணம் இல்லை. யாரும் கேக்கலையே என்று மறுபடியும் எழுதாதே.

ஆஸ்பத்திரி மேனேஜரிடம் இனிமேல் பேச வேண்டாம்.

ரேடியோ ஊருக்குப் போய்விட்டான். வயிற்றில் ஏதோ கோளாறு. அவன் படுக்கையில் எல்லோரும் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அறையில் ஃபேன் சத்தம் கேட்கிறது. இத்தனை நாள் அந்த ஃபேனுக்குச் சத்தம் உண்டு என்றே எனக்குத் தெரியாது.

எழுதிய பிறகு யோசித்தேன். மாடி வீடுகளுக்கு வெளிப்பக்கம் ஒப்புக்கொள்ள வேண்டாம். உள்பக்கம் போதும்.

பாப்பாவை மொட்டை மாடிக்கு அனுப்பாதே. துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடு.

பாப்பா அப்பா


ஏப்ரல் 5

என்னங்க,

உங்க பதிலுக்குக் காத்திருக்க முடியல. நல்ல சேதி. ஆஸ்பத்திரி ஆர்டர் நமக்குத்தான்! போன்ல சொல்லிடலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, உங்க டீச்சர் விதியை நினைச்சு முழுங்கிட்டேன்.

அண்ணன் மூணு தடவை நடந்தார். ஜூலை கடைசியில வேலை. மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை வச்சார். முதல் நாள் நீங்களேதான் இறங்கணும், ஆளை விட்டுச் செய்யக்கூடாது. "எங்க மாப்பிள்ளை தூங்குறதே கயித்துலதான் சார்"னு அண்ணன் சொல்லிட்டார். மேனேஜரே சிரிச்சுட்டார்.

அண்ணன் விசிட்டிங் கார்டும் அடிச்சாச்சு. கயித்துல ஒரு ஆள் தொங்குற படம். அந்த ஆளுக்கு மீசை இல்ல, உங்களுக்கு இருக்கு, வந்ததும் எடுத்துடுங்க. அதோட நிறுத்தினாரா? கயிறும் வாங்கிட்டு வந்துட்டார். வெயிட் தாங்குமான்னு கடைக்காரரைக் கேட்டாராம், "மாட்டையே கட்டலாம்"னு சொன்னாராம். சுருட்டிக் கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன். பாப்பா ஊஞ்சல் கட்டித் தரச் சொல்லி அழறா.

இத்தனை வருஷத்துல முதல் தடவையா நீங்க வரப்போற தேதியை நினைச்சா எனக்குப் பயம் வரல. முன்னாடியெல்லாம் வரும். வந்து என்ன செய்வீங்க, சும்மா இருந்தா என்ன ஆவீங்கன்னு. இப்போ இல்ல.

பாப்பா அம்மா


ஏப்ரல் 19

பாப்பா அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. என் கடிதமும் இப்போது உன்னிடம் வந்திருக்கும். இரண்டும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

அந்த ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துவிடு.

புதுத் திட்டம். வீடுகளில் சோபா, தரைவிரிப்பு, மெத்தை கழுவித் தருவது. உட்கார்ந்து செய்கிற வேலை. வகுப்பில் டீச்சர் "போன மாசம் வேற சொன்னீங்களே" என்றார். மனசு மாறிவிட்டது என்றேன். "எதனால?" என்றார். எழுதிக்கொண்டிருப்பது போல் குனிந்துகொண்டேன்.

அந்தக் கயிற்றைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடு. வெளியே போடு. வெளியே வேண்டாம், பாப்பா எடுத்து எங்காவது கட்டுவாள். கடையிலேயே திருப்பிக் கொடு. வாங்க மாட்டார்கள் என்றால் அறுத்துவிடு. சின்னச் சின்னத் துண்டாக அறு.

எனக்குப் புது ஜோடி போட்டிருக்கிறார்கள். என்னைவிட மூத்தவர். நல்ல மனிதர், எல்லோருக்கும் சமைத்துப் போடுகிறார். மேலே போனதும் என் முடிச்சைப் பார்க்கச் சொன்னால் கை வைப்பதற்கு முன்பே "ஓகே" என்கிறார். நான் இன்னும் பெல்ட்டையே மாட்டியிருக்க மாட்டேன். ஓகே.

அடுத்த மாதம் ஒரு பெரிய கட்டடம். இந்த ஒப்பந்தத்தில் கயிற்று வேலை அதுதான் கடைசி. இதையெல்லாம் போனில் சொல்ல முடியவில்லை. அறையில் எட்டுப் பேர், எல்லோரும் கயிற்றுக்காரர்கள். அவர்கள் காதில் விழக்கூடாது. ஒருத்தனுக்கு வந்தால் எல்லோருக்கும் வரும்.

எது என்று கேட்காதே.

பாப்பா அப்பா


மே 1

என்னங்க,

உங்க மூணு கடிதத்தையும் தரையில வரிசையா வச்சேன். முதல்ல மொட்டை மாடி. அடுத்தது ஏணி. அந்தக் கடிதம் முடியறதுக்குள்ளயே ஏணியும் போய் வீட்டுக்கு உள்பக்கம். இப்போ உக்காந்து செய்யற வேலை. ஒவ்வொரு கடிதத்துலயும் உங்க தொழில் கீழ இறங்கிக்கிட்டே வருது. அடுத்த கடிதத்துல கிணறு தோண்டுற தொழில்னு எழுதுவீங்களா?

சிரிக்கத்தான் எழுதினேன். சிரிப்பு வரல.

ரேடியோ வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் பொண்டாட்டி எடுத்தா. "வயித்துக்கு இப்போ எப்படி இருக்கு?"ன்னு கேட்டேன். அவளுக்கு ஒண்ணும் புரியல. "வயிறா? அக்கா, இடுப்புக்குக் கீழ அவருக்கு எதுவும் தெரியல. ரெண்டு பேர் பிடிச்சாத்தான் உக்கார வைக்க முடியுது. அண்ணன் உங்ககிட்ட சொல்லலையா? பக்கத்துக் கயித்துல அண்ணன்தானே இருந்தாங்க"ன்னா.

அவர்கிட்ட போனைக் கொடுன்னேன். "அவர் பேசறதில்ல அக்கா"ன்னா. ரேடியோ பேசறதில்லையாம்.

வயிறுன்னு என்கிட்ட போன்லயும் சொன்னீங்க, கடிதத்துலயும் எழுதினீங்க. கோபம் வந்துச்சு. கையில கிடைச்சா அடிச்சிருப்பேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாட்ச்மேனைக் கெஞ்சி மொட்டை மாடிக்குப் போனேன். நீங்க எங்கேருந்து இறங்குவீங்கன்னு பாக்கணும்னு தோணுச்சு. கைப்பிடிச்சுவரைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பாத்தேன். கீழ நின்ன ஆம்புலன்ஸ் தீப்பெட்டி மாதிரி இருந்துச்சு. அங்கேயே உக்காந்துட்டேன். "ஏம்மா, குதிக்கவா வந்தே?"ன்னு வாட்ச்மேன் பதறி என் புடவைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டார். படி இறங்கி ரோட்டுக்கு வர்ற வரைக்கும் அவர் விடல.

அடுத்த மாசம் பெரிய கட்டடம்னு ஏப்ரல்ல எழுதினீங்க. இப்போ மே ஆயிடுச்சு.

போன்ல நான் கேட்டா "நல்லா இருக்கேன்"னு சொல்றீங்க. ஆபீசர் மாதிரி எழுதினது போதும். நீங்க எழுதுங்க.

பாப்பா அம்மா


மே 10

பாப்பா அம்மா,

எழுதறேன்.

ரேடியோ முடிச்சை நான் பாத்தேன். நல்லா இழுத்து, தொட்டுப் பாத்தேன். முடிச்சு அவிழல. இதை முதல்ல எழுதிடறேன், ஏன்னா எனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்க வேண்டியிருக்கு. கைப்பிடிச்சுவர் விளிம்புல கயித்துக்கு அடியில ஒரு ரப்பர் வைப்போம், உரசாம இருக்க. காத்துல அது விலகிடுச்சு. கயிறு விளிம்புல தேஞ்சு அறுந்தது. ரெண்டாவது கயிறு ஒண்ணு உண்டு, அது பிடிச்சது. பிடிச்ச வேகத்துல அவனை வீசி, கொஞ்சம் கீழ சுவர்லேருந்து நீட்டிட்டு இருந்த ஒரு சிமென்ட் மேடையில அடிச்சது.

அவன் ஏதோ அவன் மாமியாரைப் பத்திக் கதை சொல்லிட்டு இருந்தான். கதை பாதியில நின்னது. அதுதான் எனக்கு முதல்ல தெரிஞ்சது. சத்தம் கேக்கல, பேச்சு நின்னது. திரும்பிப் பாத்தா பக்கத்துல அவன் இல்ல. கீழ பாக்கணும். பாக்க முடியல. கண்ணாடியைத்தான் பாத்தேன். உள்ள ஒரு பொண்ணு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்தா, என்னைப் பாத்து எழுந்து வாயைப் பொத்திக்கிட்டா. அவ மூஞ்சியிலதான் நான் அதைப் பாத்தேன்.

அப்புறம் நான் இறங்கணும். வேற வழியே கிடையாது, என் கயித்துல நான்தான் இறங்கணும். அவனைத் தாண்டித்தான் இறங்கணும். இறங்கினேன். அவன் கண்ணு திறந்திருந்துச்சு. என்னைப் பாத்தான்.

மறுநாளே அறையில எல்லாரும் சகஜமா இருந்தோம். சீட்டு ஆடினோம். யாரும் அதைப் பேசல. பேசினா அடுத்த நாள் மேல போக முடியாது.

அதுக்கப்புறம் தினமும் போயிட்டுத்தான் இருக்கேன். லிஃப்ட் மேல போகும்போது வாயில இரும்பு ருசி வருது. ரெண்டாவது படுக்கையில படுத்திருந்தேன், ஏணி வச்ச கட்டில்ல மேல. இப்போ கீழ இருக்கறவர்கிட்ட முதுகு வலின்னு பொய் சொல்லி மாத்திக்கிட்டேன்.

மேல போக மாட்டேன்னு சொன்னா ஒப்பந்தத்தை மீறினதா எழுதிடுவாங்க. கடைசிக் கணக்குப் பணம் வராது. டிக்கெட் மட்டும் கையில கொடுத்து அனுப்புவாங்க. அந்தக் கணக்குல கிடைக்கறதை வச்சுத்தான் சோபாவோ மெத்தையோ எதுவா இருந்தாலும். அது இல்லாம உன் முன்னாடி எப்படி வந்து நிப்பேன்.

அதனால போறேன். அந்த ஒரு கட்டடம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது முடிஞ்சிருக்கும்.

போனை அணைச்சு வைக்கப்போறேன். உன் குரல் கேட்டா என்னால போக முடியாது.

நான்


மே 21

என்னங்க,

நீங்க இருக்கீங்கன்னு நினைச்சு எழுதறேன்.

போன் போட்டா ஒரு பொம்பளை "அணைத்து வைக்கப்பட்டுள்ளது"ன்னு சொல்றா. அவ குரல் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. நேத்து அவகிட்டயே "எங்கம்மா போனார்?"னு கேட்டுட்டேன். பக்கத்துல மருந்து வாங்க நின்னவர் நகர்ந்து போயிட்டார். மெடிக்கல்ல போன் அடிச்சாலே பில்லை மாத்தி மாத்திப் போடறேன். முதலாளி இப்போ "அம்மா"ங்கறதில்ல.

ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துட்டேன். மேனேஜர் காரணம் கேட்டார். "எங்க வீட்டுக்காரர் இனிமே மேல ஏற மாட்டார்"னு சொன்னேன். அண்ணன் வெளிய வந்து குதிச்சார். "கார்டு அடிச்சு ஊரெல்லாம் கொடுத்திருக்கேன். மாப்பிள்ளை பயந்துட்டார்னு சொல்லவா?"

"சொல்லுண்ணே."

"எனக்கு அசிங்கம்."

"அப்போ கார்டுல இருக்கற ஆளை நீ இறங்கச் சொல்லு."

அதுலேருந்து பேசறதில்ல. பேசலைன்னா பரவாயில்ல. கயித்தை நீங்க சொன்ன மாதிரியே அரிவாள்மணையில வச்சு அறுத்தேன். கை முழுக்க நார் குத்திக்கிச்சு.

கடைசிக் கணக்கு வேணாம். எனக்கு வேணாம். வெறுங்கையோட வந்து வாசல்ல உக்காந்தவங்களை நானும் பாத்திருக்கேன்னு எழுதினீங்க. பாத்திருக்கேன். பாவமாத்தான் இருந்துச்சு. இப்போ நினைச்சா அவங்க பொண்டாட்டிங்க மேல எனக்குப் பொறாமையா இருக்கு. உக்காந்திருந்தாங்களே. யாரும் பிடிக்காம தானா உக்காந்திருந்தாங்களே.

கடிதத்துல கேட்டா பதில் வரும்னு உங்க டீச்சர் சொன்னாங்களே. கேக்கறேன். போனீங்களா?

நான்


ஜூன் 4

பாப்பா அம்மா,

இருக்கேன்.

போன்ல நேத்து நீ அழுததுல நான் சொன்னது எதுவும் உன் காதுல விழுந்திருக்காது. அதனால எழுதறேன்.

அந்தக் கட்டடத்துக்குப் போனேன். மொட்டை மாடிக்குப் போனேன். பெல்ட் மாட்டி, முடிச்சுப் போட்டு, "பாருங்கண்ணே"ன்னேன். "ஓகே"ன்னார். அவர் எங்கேயோ வேற பக்கம் பாத்துட்டு இருந்தார். "தொட்டுப் பாருங்கண்ணே"ன்னேன். சிரிச்சார். "என்ன தம்பி, கல்யாணப் பொண்ணா, தொட்டுப் பாக்க?" மத்தவங்களும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்னு நினைக்கறேன். காலைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் போடணும். தூக்கினேன். தூக்கின கால் எங்கேயும் போகல. அப்படியே நின்னுச்சு, யாரோ பிடிச்ச மாதிரி.

"எனக்குப் பயமா இருக்கு"ன்னு சொன்னேன்.

சத்தமா சொல்லல. ஆனா எல்லாருக்கும் கேட்டுச்சு. சிரிப்பு நின்னுடுச்சு. சூப்பர்வைசர் வந்து கத்தினார், அப்புறம் நயமாப் பேசினார், அப்புறம் பேப்பர்ல எழுதினார். நான் தரையோட உக்காந்துட்டேன். எழுந்திருக்கவே இல்ல. என்னை லிஃப்ட்ல கூட ஏத்த முடியல, ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்துதான் கீழ வந்தேன். சின்னக் குழந்தை இறங்கற மாதிரி. கூட வந்தவர் யார் தெரியுமா? அந்த "ஓகே" அண்ணன். கீழ வந்ததும் தன் கையைக் காட்டினார். ஆடிக்கிட்டு இருந்துச்சு. "முடிச்சைப் பாத்தா எனக்கு இது வந்துடும் தம்பி, அதான் பாக்கறதில்ல"ன்னார்.

கணக்கு கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. இப்போ கேம்ப்ல வண்டி கழுவறேன். அறையில என்கூட அதிகம் பேசறதில்ல. ஆனா காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒருத்தர் ரெண்டு பேர் பெல்ட்டை எடுத்துட்டு வந்து என்கிட்ட நீட்டறாங்க. மூஞ்சியைப் பாக்க மாட்டாங்க. நான் தையல் தையலாத் தொட்டுப் பாத்துத் தரேன். நேத்து ஒண்ணுல தையல் விட்டிருந்துச்சு.

வகுப்புல டீச்சர் கேட்டாங்க, "இப்போ உங்க தொழில் என்ன?" எழுந்து நின்னேன். "தெரியல டீச்சர். தரையில செய்யற எதுவா இருந்தாலும்"னேன். அவங்க சிரிக்கல. பலகையில அதை அப்படியே எழுதினாங்க.

அடுத்த வாரம் அனுப்பறாங்க. டிக்கெட்டைக் கையில கொடுத்துட்டாங்க. சந்தோஷமாத்தான் வாங்கினேன். அறைக்கு வந்து பிரிச்சுப் பாத்த பிறகுதான் உறைச்சுது. உன்கிட்ட வர்றதுக்கு நான் பிளேன்ல ஏறணும். இங்க இருக்கற எந்தக் கட்டடமும் அவ்வளவு உயரம் இல்ல. அங்க முடிச்சைத் தொட்டுப் பாக்க எவனும் கிடையாது. டிக்கெட்டைத் தலையணைக்கு அடியில வச்சிட்டுக் குளியலறையில போய் வாந்தி எடுத்தேன்.

ஏறிடுவேன். நடுவுல ஒரு சீட் கேட்டு வாங்கிக்கறேன். கண்ணை மூடிக்கறேன், கையில எதையாவது பிடிச்சுக்கறேன், பக்கத்துல இருக்கறவர் என்ன நினைச்சாலும் சரி.

ஏர்போர்ட்ல மாடியில இருந்து பாக்கற இடம் ஒண்ணு இருக்கு, பாப்பாவைத் தூக்கிட்டு அங்க போயிடாதே. கீழயே நில்லு. கதவு திறந்ததும் நான் முதல்ல தரையைத்தான் பாப்பேன், உன் காலைப் பாத்து வந்துடறேன்.

நான்